எதற்கும் இருக்கட்டும் என்கிறவர்

மனிதர்களில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்றொரு இனம் உண்டு. ஏகாம்பரநாதர் சன்னதியில் ஒரு வேண்டுதலை வைத்துவிட்டு, அதே வேண்டுதலோடு சின்ன காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி வரதராஜரிடமும் சொல்லிவைத்து, திரும்புகிற வழியில் கிளி ஜோசியரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறவர் இந்த இனம். இவர் யாரையும் நம்பாதவர் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எல்லோரையும் நம்புகிறவர். ஆபத்து அங்கேதான்.

தாமல் கிராமத்துத் துரைக்கண்ணு அப்படி ஒருவர். போன வருஷம் அவருடைய வேர்க்கடலையில் வேர் அழுகல் விழுந்தது. வாடிய செடியைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்தது. கல்லூரியில் சேர வேண்டிய மகள் சந்தியா வீட்டில் உட்கார்ந்தாள். இந்த வருஷமும் போனால்?

வேளாண் அலுவலர் தேவிப்ரியா ஒரு பொட்டலம் கொடுத்தார்.

“ஐயா, இதுல இருக்கிறது நல்ல பூஞ்சை. வேரை அழுக வைக்கிற கெட்ட பூஞ்சையை இது அழிச்சிடும். மக்கின எருவுல கலந்து, ஈரச் சாக்கால மூடி நிழல்ல வைங்க. அப்புறம் நிலத்துல தூவுங்க. பூஞ்சைக்கொல்லியை மட்டும் கிட்டயே கொண்டு போவாதீங்க. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது.”

துரைக்கண்ணு தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனம் குறை வைக்காது. அங்கிருந்து நேரே உரக்கடைக்குப் போய் ஒரு பூஞ்சைக்கொல்லி டப்பாவும் வாங்கினார்.

மனைவி ரேணுகாம்பாள் எருவைக் கலந்து மூடிவைத்தாள். சில நாள் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பார்த்த துரைக்கண்ணு கத்தினார்.

“ரேணுகா! எருவெல்லாம் பச்சையா பூசணம் பூத்துக்கினு இருக்குதும்மா!”

“அதாங்க மருந்து. நல்லா வளந்திருக்குது.”

“மருந்துல போயி பூசணம் புடிக்குமா?”

“மருந்தே பூசணந்தாங்க!”

அவர் எருக் குவியலை இரண்டு சுற்று சுற்றி வந்தார். அப்படிச் சுற்றினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். உடனே பாதி எருவை அள்ளிக்கொண்டு போய், இருந்த இரண்டு நிலங்களில் ஒன்றான ஏரியோரக் கொல்லையில் தூவினாள். மீதியை எடுக்கத் திரும்பி வந்தபோது, தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார் துரைக்கண்ணு. மூக்கைத் துளைக்கிற நெடி.

“இன்னாங்க பண்ணீங்க?”

“மேலாக்க லேசா அடிச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு.”

நல்ல பூஞ்சை அத்தோடு முடிந்தது. வெறும் எருவாகிப்போனதை இன்னொரு நிலமான மேட்டுக் கொல்லையில் கொட்டினார்கள்.

இரண்டிலும் கடலை போட்டதில், மேட்டுக் கொல்லை போன வருஷம் போலவே படுத்தது. ஏரியோரத்தில் செடியைப் பிடுங்கினால் காய் கொத்துக் கொத்தாக வந்தது. அந்த விளைச்சலில் சந்தியா கல்லூரியில் சேர்ந்தாள். துரைக்கண்ணு செத்த செடிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். ரேணுகாம்பாள் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? பக்கத்து நிலத்து முனுசாமி ஏரியோரக் கொல்லையைக் காட்டி, “எப்டிண்ணா இதாவது தப்பிச்சுது?” என்று கேட்டார்.

“ரெண்டையும் செஞ்சேன்பா. ஒண்ணையே நம்பிக்கினு இருந்தா இதுவும் போயிருக்கும்.”

முனுசாமி அன்றைக்கே இரண்டையும் வாங்கினார். இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது.

நீங்கள் அந்த ரகம் இல்லை. தயிருக்கு உறை ஊற்றிய பாலை மறுபடி அடுப்பில் ஏற்றுகிறவரா நீங்கள்? சொன்னது ஒரே தடவையில் புரிந்திருக்கும். பின்னே ஏன் கண், எதற்கும் இருக்கட்டும் என்று, மறுபடி முதல் வரிக்குப் போகிறது?