வேண்டாம் மாஸ்டரின் மூன்றாவது மெஷின்

மதுரை ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற ஆளையெல்லாம் விரட்டியடித்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். பேகம்பூரில் தட்டெழுத்துப் பள்ளி நடத்திய அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் வேண்டாம் மாஸ்டர்.

வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே “வேண்டாம்” என்பார். காரணமும் சொல்வார். ஒரு பையனிடம், “ஏலே, ஒங்க வாப்பா தோல் மண்டி வச்சிருக்காரு. ஆட்டுத் தோல்ல டைப் அடிக்கப் போறியாக்கும்?” என்று கேட்டதை நானே பார்த்தேன். பையன் ஓடிவிட்டான். மாஸ்டர் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். ஆசை தீராமல் திரும்பி வருகிறவனுக்குத்தான் விரல் வணங்கும் என்பது அவர் கட்சி.

நான் போன சமயத்தில் என் கணவர் கணக்கு எழுதிய புகையிலை மண்டியை மூடிவிட்டார்கள். பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, “டைப்பில் லோயர் பரீட்சை தேறினால் ஆபீஸ் வேலை தருகிறேன். இந்தத் தடவை ரிசல்ட் வரும்வரை பார்ப்பேன். அதற்குமேல் முடியாது” என்று சொல்லியிருந்தார். வீட்டில் வேறு வருமானம் இல்லை. இடுப்பில் கைக்குழந்தை.

எங்கே கற்பது என்று தெரியாமல் தவித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய இன்ஸ்டிட்யூட். மின்விசிறி, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் மெஷின்கள். பேகம்பூரில் மூன்றே மெஷின்கள், மூன்றும் மாஸ்டரைவிட வயதானவை.

“வேண்டாம்மா,” என்றார் மாஸ்டர். “மூணுக்கும் மூணு வியாதி. நீங்க ஃபேன் இருக்குற எடத்துக்குப் போங்க.”

போனேன். குழந்தையைத் தூக்கி வரக்கூடாது என்றார்கள். திரும்பி வந்தேன். “நல்லா யோசிச்சிட்டு வாங்க” என்று மறுபடி அனுப்பினார். வீட்டுக்குப் போய் யோசித்தேன். பாதி வழி வந்து, மறுபடி வீட்டுக்கே திரும்பினேன்.

“நீ டைப் படிக்கப் போறியா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா? இம்புட்டு யோசனை!” என்று என் கணவர் சிரித்தார். வேலை போன மனிதர் சிரிப்பது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. மறுநாள் நேராகப் போய், எதுவும் கேட்காமல் காலியாக இருந்த மூன்றாவது மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

“சொன்னா கேக்க மாட்டீங்க,” என்று முணுமுணுத்தபடி மாஸ்டர் உத்தரத்தில் தூளி கட்டினார்.

என் மகன் அந்தத் தடதடப்பில் சுகமாகத் தூங்கினான். சத்தம் நின்றால்தான் விழித்து அழுதான். ஆகவே மாணவர்கள் யாரும் ஓயக்கூடாது என்று உத்தரவாயிற்று. “நிறுத்தாதீங்கடா! செத்த நேரம் புள்ள தூங்கட்டும்!” என்று மாஸ்டர் கத்துவார். வீட்டிலோ சத்தம் இல்லாமல் பிள்ளை கண்மூட மறுத்தான். என் கணவர் கரண்டியால் பித்தளைத் தவலையைத் தட்டித் தட்டித் தூங்கவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் பாத்திரப் பட்டறை வைத்துவிட்டதாக நினைத்தார்கள்.

மூன்றாவது மெஷினின் வியாதி, இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்து. இடது சுண்டு விரலால் அடிக்க வேண்டிய எழுத்து அது. லேசாகத் தொட்டால் அசையாது. ஆணி அறைவதுபோல் குத்த வேண்டும். குத்திக் குத்தி என் சுண்டு விரல் தேங்காய் உடைக்கும் பலத்துக்கு வந்தது. இவ்வளவு முரட்டுத்தனமாகப் பழகுவது சரிதானா, ஃபேன் இருக்கிற இடத்திலேயே கெஞ்சிப் பார்த்திருக்கலாமோ என்று தினமும் குழம்பினேன்.

அப்போதெல்லாம் பரீட்சை நடக்கும் இடத்துக்கு அவரவர் பழகிய மெஷினைத்தான் கொண்டுபோவார்கள். அன்று காலை எங்கள் மூன்று மெஷின்களும் மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கின. ஆரம்பிக்குமுன் ஒருமுறை அடித்துப் பார்க்க விடுவார்கள். அடித்தேன். ‘ஏ’ வருகிற இடமெல்லாம் காகிதத்தில் ஓட்டை. ஒரு வரி முடிவதற்குள் தாள் இட்லித் தட்டாகிவிட்டது.

“மாஸ்டர்!” என்றேன். குரல் அழுகையாக வந்தது.

வாசலில் என் குழந்தையைத் தோளில் போட்டு நின்றவர் பெருமையாகச் சிரித்தபடி உள்ளே வந்தார். “பாத்தீங்களா? நேத்து நீங்க போனப்புறம் மதுரையிலேர்ந்து மெக்கானிக்கைக் கூட்டியாந்து, ‘ஏ’க்குப் புது ஸ்பிரிங் போட்டுச் சரி பண்ணிட்டேன். பரீட்சைக்குப் போற புள்ள கஷ்டப்படக் கூடாதுல்ல? பூ மாதிரி அடிக்கலாம்!”

“எனக்குப் பூ மாதிரி அடிக்கத் தெரியாதே மாஸ்டர்! குத்தத்தானே தெரியும்!”

தாளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “அல்லாவே, நல்லது பண்றேன்னு புள்ள வாயில மண்ணைப் போட்டுட்டேனே!”

 வீடு, மண்டி, தலைமையாசிரியை எல்லாம் அந்த ஓட்டைகள் வழியே தெரிந்தன. மாஸ்டர் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தூக்கிப்போட மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்திருந்த பழைய ஸ்பிரிங்கை எடுத்தார். சுற்றிலும் மற்ற மாஸ்டர்கள் தங்கள் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தன் மெஷினைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், ரிப்பேரா?” என்றார் ஒருவர்.

“ஆமா. ரிப்பேர் ஆக்கிக்கிட்டிருக்கேன்.”

மணி அடிப்பதற்குள் மாட்டிவிட்டார். ‘ஏ’யைக் குத்தினேன். பழைய பிடிவாதத்தோடு, ஓட்டையில்லாமல் விழுந்தது. மாஸ்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். உள்ளே அத்தனை மெஷின்களும் ஒன்றாக முழங்கியதில் அவன் அவர் தோளிலேயே தூங்கிப்போனானாம்.

தேறினேன். வேலையும் கிடைத்தது. அதைச் சொல்ல மாஸ்டரிடம் போனபோது, மூன்றாவது மெஷின் பழைய ஸ்பிரிங்கோடுதான் இருந்தது.

“இப்பவாவது புதுசை மாட்டிரலாமே மாஸ்டர்?”

“இருக்கட்டும்மா. நாளப்பின்ன ஒங்களுக்கு அங்க சரிப்படலைன்னா, இங்க வந்து உக்கார கைக்குப் பழகுனது ஒண்ணு வேணும்ல?”

பள்ளியிலிருந்து என் வீட்டுக்குப் பேகம்பூர் சுற்று வழி. மாலையில் நான் அந்த வழியாகத்தான் போகிறேன்.