குலுக்காதேங்கோ தம்பியின்ரை ஐஸ்பெட்டி

இல்லைப் பிள்ளை, நீ சொல்லுற விசரர், பைத்தியக்காரர் எல்லாம் ஒரு விசரரே? எங்கடை பக்கத்து அறையிலை வாடகைக்கு இருந்தானே, அந்த ஆய்வுகூடத்துப் பெடியன், அவனைப்போலை ஆக்களை அலுக்கப்பண்ணின ஒருத்தனைக் கொக்குவில் கண்டதில்லை. பேர் என்னவோ இருந்தது. ஒழுங்கையிலை எல்லாருக்கும் அவன் 'குலுக்காதேங்கோ'தான்.

ஆக்களின்ரை ரத்தத்தைக் கழுவிறதுதான் அவனுக்கு வேலை. சிவப்பெல்லாம் போகக் கழுவிக் கழுவி, கடைசியிலை சிலந்திவலை மாதிரி ஒரு வெள்ளை நூல் எடுப்பானாம். அதைக் கொழும்பிலை ஒரு மெசின் வாசிச்சு, என்ன வருத்தம், என்ன நோய் எண்டு சொல்லுமாம்.

"எனக்கு எழுத்தே வாசிக்கத் தெரியாது, நீ ரத்தத்தை வாசிக்கிறியோ?"

"நான் வாசிக்கிறேல்லை ஆச்சி. நூல் அறாமல் அனுப்பிறதுதான் என்ரை பாடு. குலுக்கினால் அறுந்திடும்."

அந்தக் கைப்பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வருவான். சோடாப் போத்திலையும் மெல்லக் கவிட்டு, மெல்ல நிமித்துவான். நான் மோர் கடைஞ்சாலும் பொறுக்காது. "ஆச்சி, குலுக்காதேங்கோ." மோரை வேறை எப்பிடியடா கடையிறது?

பிறகு எங்கடை நிலாக்குட்டி, மகளின்ரை பிள்ளை, வலிப்பு வந்து வந்து விழத் தொடங்கினாள். ஒரு மருந்தும் கேக்கேல்லை. டொக்டர் ரத்தத்தை வாசிக்கவேணும் எண்டார். அந்தச் சின்னக் கையிலை நரம்பு பிடிபடாமல் குத்திக் குத்தி, கடைசியிலை ஒரு குழாய் ரத்தம் எடுத்தவை. இன்னொருக்காக் குத்த விடமாட்டன் எண்டிட்டாள் மகள்.

குலுக்காதேங்கோ நித்திரையில்லாமல் கழுவி எடுத்தான். நூலை ஐஸ்பெட்டியிலை வைச்சுக் கொழும்பு ரயிலுக்குக் கொண்டு போகவேணும். நான் ஓட்டோ பிடிக்கச் சொன்னன்.

"உந்தக் குண்டும் குழியுமான றோட்டிலையோ? நடப்பம் ஆச்சி."

செருப்பு வழுக்கும் எண்டு அதையும் கழட்டிப்போட்டு, பெட்டியை நெஞ்சோடை அணைச்சு, அடிமேலை அடி வைச்சு நடந்தான். பெட்டியிலை வெயில் படாமல் நான் பின்னாலை குடை பிடிச்சன். மகள் அழுதழுது வந்தாள்.

பாத்தவை என்ன நினைப்பினம்? கீரிமலையிலை கரைக்கச் சாம்பல் கொண்டு போறம் எண்டு கடைக்காரர் எழும்பி நிண்டார். சைக்கிளிலை வந்தவை இறங்கினவை. ஒரு மனுசி கிட்ட வந்து மகளைக் கேட்டாள், "ஆர் பிள்ளை மோசம்போனது?"

மகள் அப்பிடியே றோட்டிலை இருந்திட்டாள்.

ஒருநாளும் சத்தம் போடாதவன், பெட்டியை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கத்தினான். "ஒருத்தரும் சாகேல்லை. பிள்ளை வீட்டிலை மாமரத்துக்குக் கல்லெறியுது. வழியை விடுங்கோ."

மகள் எழும்பி நடந்தாள். அந்த மனுசிக்கு வெக்கமாப் போச்சு. முன்னாலை போய் ஆட்டையும் சைக்கிளையும் விலத்தி விட்டு, ஸ்டேசன் வரைக்கும் வந்தாள்.

நூல் அறாமல் போய்ச் சேந்தது. வருத்தத்துக்கு என்னவோ பேர் சொன்னவை, என்ரை வாயிலை வராது. மருந்து மாத்தினாப்பிறகு நிலா ஒருக்காவும் விழேல்லை.

அவனுக்கு இப்ப மன்னாரிலை வேலை. இண்டைக்கு நிலாவைப் பாக்கவெண்டு வந்தவன், தேத்தண்ணி முடிக்க முதலே கதிரையிலை நித்திரையாப் போனான். அவள் அவன்ரை மடியிலை தலை வைச்சுப் படுத்திருக்கிறாள். பொறு பிள்ளை, உலை பொங்குது. அவன் எழும்ப முதல் கத்தரிக்காய் பொரிக்கவேணும், அவனுக்கு விருப்பம்.