மேசைக்குப் போகிற ஜாடி

வேதாகமத்தை எதிர்த்து நான் தீர்மானம் நிறைவேற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஆதரவு ஒரு வாக்கு. எதிர்ப்பு இல்லை. எதிர்க்கக்கூடிய ஒரே ஆள், திராட்சை வாங்க அம்மாவாசி தோட்டத்துக்குப் போயிருந்தார்.

அந்த ஆள் என் மனைவி அன்னத்தாய்.

என்னைப் பற்றிச் சொல்ல இப்போது ஆள் இல்லாததால் நானே சொல்கிறேன். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை தோழர் குருசாமி நின்று பேசாத முச்சந்தி கிடையாது. மேகமலைக்குச் சாலை கேட்டு மறியல் செய்து சிறைக்குப் போனேன். சாலை வந்தது. இன்று அதில் காரில் போகிறவர்கள் மேகத்தைப் படம் எடுக்கிறார்கள். என்னை யாரும் எடுப்பதில்லை. சின்னமனூர்ச் சாராயக் கடையை மூடவைத்தேன். கொஞ்சம் தள்ளி வேறு மதுக்கடை திறந்தது. அதில் ஏ.சி. இருக்கிறது. எங்கள் சங்க அலுவலகத்தில் மின்விசிறிகூட இருந்ததில்லை. சங்கமும் இப்போது இல்லை. இரண்டாகப் பிரிந்தது, பிறகு நான்காகப் பிரிந்தது, கடைசியில் நான் மட்டும் உள்ள பிரிவு மிஞ்சியது. அதில்தான் தீர்மானம் போட்டேன்.

காரணம் ஒரு பீங்கான் ஜாடி.

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; ஆண்டவர் மேசை என்று சொல்லி அப்பமும் ரசமும் கொடுப்பார்கள். அதற்கு வேண்டிய திராட்சரசம் எங்கள் வீட்டு அடுப்பில்தான் தயாராகிறது. அன்னம் பன்னீர்த் திராட்சையைக் காம்பு கிள்ளி, கழுவி, மசித்து, சீனியும் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சுவாள். வீடு மணக்கும். தெரு மணக்கும். வடிகட்டி ஜாடியில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, மேல் தட்டில் ஏற்றிவிடுவாள். அடுப்பு என்னுடையது. பெண்டாட்டி என்னுடையவள். எனக்கு ஒரு சொட்டு கிடையாது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைத்திருக்கிறது.

அது சாராயக் கடை மறியல் நடந்த நாள். சித்திரை வெயில். போடி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, சபைப் பெண்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கினேன்: "போதை ஏற்றுவது எதுவானாலும், ஒரு சொட்டானாலும், உயிர் உள்ளவரை என் உதட்டில் படாது!" கைதட்டல் அடங்கியபோது தொண்டை வறண்டு கண் இருட்டிவிட்டது. அந்தப் பெண் எழுந்து வந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க தோழரே. காய்ச்சுன திராட்சரசந்தான்."

குடித்தேன். கிராம்பு மணத்தது. அவளையே கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ரசமும் இல்லை, "தோழரே"யும் இல்லை. "ஏங்க" மட்டும்தான்.

அன்னம் தோட்டத்திலிருந்து வந்து பையை இறக்கியதும் கோரிக்கையை வைத்தேன்.

"இந்தத் தடவை ஜாடியில இருந்து எனக்கு ஒரு டம்ளர் வேணும். மொத டம்ளர்."

"அது மேசைக்குப் போறது."

"மேசைக்கு வாய் இருக்கா?"

"இந்தப் பேச்சை மேடையில வச்சுக்கங்க. இங்கன இருக்கது அடுப்பு."

"இது என் உரிமை, அன்னம்."

"உங்களுக்குத் தனியா ஒரு சட்டியில காய்ச்சித் தாரேன். பழம் நிறையத்தான் குடுத்து விட்டிருக்காக."

"தனிச் சட்டி வேண்டாம்."

"ரெண்டும் ஒரே பந்தல்ல காய்ச்ச பழம்ங்க."

"பழம் ஒண்ணுதான். ஜாடி வேற."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

"அந்த ஜாடிதான் வேணும்னா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க. முழங்கால் போட்டவுகளுக்குக் குடுப்பாக."

"இந்தக் குருசாமி எவனுக்கும் முழங்கால் போட்டதில்ல."

"போடவும் முடியாது. மூட்டு வலி."

பழச்சாறு குடிக்காமல் ஒரு மனிதன் செத்துவிட மாட்டான். அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் ஐக்கிய சங்கம், உபவாச ஜெபம், நோயாளி சந்திப்பு, எல்லாம் முடிந்து மிச்சம் இருக்கும் அன்னத்தாய்தான் இத்தனை வருடமாக என் பங்குக்கு வருகிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வரிசையில் நான் முன்னால் நிற்க வேண்டும். ஆண்டவருக்கு முன்னால் எனக்கு. அந்த ஆசைக்குத்தான் நான் உரிமை என்று பெயர் வைத்திருந்தேன்.

திட்டம் எளிது. அரசு ஆணைகளிலேயே ஓட்டை கண்டுபிடித்தவன் நான். வேதத்தில் சொல்லப்பட்ட ரசம் போதை உள்ளது என்று நிரூபித்துவிட்டால், அன்னம் காய்ச்சுவது வேதத்து ரசம் ஆகாது. வேதத்து ரசம் இல்லையென்றால் அது வெறும் பழச்சாறு. வெறும் பழச்சாறு என்றால் புருசனுக்கு ஒரு டம்ளர் தரலாம். ஒரு துண்டறிக்கையின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதற்கு மேல் நீளும் உண்மை எதையும் நான் நம்புவதில்லை.

அவளுடைய வேதாகமத்தையே எடுத்துப் படித்தேன். அன்று சாயங்காலமே முதல் சாட்சியை நிறுத்தினேன்.

"நோவா திராட்சைத் தோட்டம் போட்டாரு. ரசம் குடிச்சாரு. துணி விலகினது தெரியாம கூடாரத்துல கிடந்தாரு. பழச்சாறு குடிச்சா துணி விலகுமா?"

"உங்களுக்கு மோர் குடிச்சாலே விலகுது."

"புது ரசத்தைப் பழைய தோல்பையில ஊத்துனா பை கிழிஞ்சிரும்னு எழுதியிருக்கு. ஏன் கிழியணும்? புளிச்சுப் பொங்குது! நீ காய்ச்சுறது எந்தப் பையைக் கிழிக்கும்?"

"ஏங்க, நீங்க வேதமா படிக்கீக, போலீசு ரிப்போர்ட்டா படிக்கீக?"

"எழுதியிருக்கதை எழுதியிருக்கபடியே படிக்கிறேன்."

"அப்படியா," என்றாள். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் தேனியில் பழைய தோழர் ஒருவர் வீட்டுத் திருமணம். வாழ்த்திப் பேசக் கூப்பிடுவார்கள் என்று துண்டைச் சலவை செய்து போட்டுக்கொண்டு போனேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். வீடு திரும்பியபோது ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டி மேல் தட்டில் ஏற்றியாகிவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் போதகர் சுந்தர்ராஜ் வந்தார். ஜாடி தயாரா என்று விசாரிக்க வருவது வழக்கம். வயதில் இளையவர், நல்ல மனிதர். அதனாலேயே எனக்கு எரிச்சல். தேநீரை அவர் கையில் கொடுத்து, தப்பி ஓட முடியாதபடி செய்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஐயா, இயேசு தண்ணியை ரசமாக்கின கானா ஊர்க் கல்யாணத்துல பரிமாறுனது சாறா, மதுவா?"

"நம்ம வேதத்துல ரசம்னுதாங்க போட்டிருக்கு."

"பந்தி விசாரிச்சவன் என்ன சொல்றான்? நல்ல ரசத்தை மொதல்ல ஊத்துவாக, சனங்க நல்லாக் குடிச்ச பிறகு மட்டமானதை ஊத்துவாகங்கிறான். எதுக்கு? அப்ப அவுகளுக்கு ருசி தெரியாது! சாறு குடிச்சவனுக்கு ஏன் ருசி தெரியாமப் போகுது?"

"இயேசு கடைசி விருந்து வச்ச பஸ்கா பண்டிகையில புளிச்ச மாவே வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுங்கய்யா. அப்ப புளிச்ச ரசம் மட்டும் எப்படி இருக்கும்னு கேக்குறவுக இருக்காக."

"மாவைப் பத்தி எழுதியிருக்கு. ரசத்தைப் பத்தி எழுதியிருக்கா?"

"எழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாதுங்க. அந்தக் காலம், அந்த ஊரு, அவுக பழக்கம்..."

"எனக்கு எழுத்து போதும்!"

கடவுள் இல்லை என்று கம்பம் ஊரில் மூன்று மணி நேரம் பேசியவன் நான். அந்த நான் வேதத்தின் எழுத்துக்குக் காவல் நிற்கிறேன். போதகர் எழுத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தரும்படி கெஞ்சுகிறார். அன்னம் கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "கொரிந்து சபையில, திருவிருந்துக்கு வந்த இடத்துலயே, ஒருத்தன் பட்டினி, ஒருத்தன் குடிவெறின்னு பவுல் கடுதாசி எழுதித் திட்டுறாரா இல்லையா? மேசையில இருந்தது சாறுன்னா அவன் எதைக் குடிச்சு வெறிச்சான்?"

போதகர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த இடம் கொஞ்சம் கஷ்டந்தாங்கய்யா. அன்னைக்கு இருந்தது புளிச்ச ரசம்னுதான் நிறையப் பேரு ஒத்துக்கிறாக. நம்ம சபை வேண்டாம்னு வச்சிருக்கு. அவ்வளவுதான்."

ஜெயித்துவிட்டேன்! எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு வெற்றி. மாலை போட ஆள் இல்லை. போதகர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்னம் மேல் தட்டிலிருந்து ஜாடியை இறக்கினாள். துணியை அவிழ்த்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். முதல் டம்ளர். என் கையில் கொடுத்தாள். கருஞ்சிவப்பு. கிராம்பு. உதட்டருகே கொண்டுபோனேன்.

"ஒரு நிமிசம். ஒண்ணு சொல்லிருதேன்."

"சொல்லு, அன்னம்," என்றேன். "தோழரே" வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இந்தத் தடவை காய்ச்சலை."

"என்னது?"

"நீங்கதான பை கிழியணும்னு சொன்னீக. எழுதியிருக்கபடியே இருக்கட்டும்னு பச்சையா மசிச்சு, சீனியும் ஒரு கை கோதுமையும் போட்டுக் கட்டிட்டேன். நல்லாப் புளிச்சிருக்கும். குடிங்க."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"போதை ஏற்றுவது எதுவானாலும், ஒரு சொட்டானாலும்..." என்று ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கையைக்கூட நான் ஓங்கிய மாதிரியே ஓங்கினாள். "மொத வரிசையில உக்காந்து கேட்டவ நான். எனக்கு மறக்குமா?"

உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரே வழி ருசி பார்ப்பது. ருசி பார்த்தால் சபதம் போச்சு. என் வாழ்க்கையில் இரண்டாகப் பிரியாமல் மிஞ்சிய ஒரே பொருள் அந்தச் சபதம். டம்ளரை நீட்டினேன். அவள் அதை அப்படியே ஜாடியில் ஊற்றித் துணியைக் கட்டினாள்.

ஞாயிறு காலை அவள் ஜாடியோடு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாராயக் கடையை மூடவைத்த குருசாமியின் வீட்டிலிருந்து, ஊர்ச் சனத்துக்கெல்லாம் ஜாடி நிறைய மது போகிறது! சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். போதகரிடம் சொல்லித் தடுத்துவிட வேண்டும். வாசலை அடைந்தபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்து கத்தலாம். கத்துவதில்தான் எனக்கு நாற்பது வருட அனுபவம். அன்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

வரிசை வரிசையாக முன்னால் போனார்கள். முழங்கால் போட்டார்கள். குடித்தார்கள். நேராக நடந்து திரும்பினார்கள். மணியடிக்கும் கோயில்குட்டி ராக்கப்பன், நின்றாலே ஆடுகிறவர், அவர்கூட ஆடாமல் வந்தார். அன்னம் போனாள். கிண்ணம் அவள் உதட்டில் பட்டபோது கண்ணை மூடியிருந்தாள். அந்த முகத்தை நான் ஒரு மறியலில் பார்த்திருக்கிறேன். எனக்கு எதிரே, முன்வரிசையில்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "காய்ச்சினதுதான?"

"காய்ச்சாம ஆண்டவர் மேசைக்குக் கொண்டுபோவேனா?"

"ஏமாத்திட்ட."

"கலியாணம் ஆனதுல இருந்து கோயிலுக்கு வாங்கன்னு கூப்பிடுறேன். நேத்து வரைக்கும் வரலை. இன்னைக்குப் பாட்டு முடியிறதுக்கு முந்தி வந்து உக்காந்துட்டீக. ஐயாகூட ரொம்ப சந்தோசப்பட்டாக."

"அந்த ஒரு டம்ளரைக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருப்பேன். நீங்க எங்கங்க கேட்டீக? கோரிக்கை வச்சீக, உரிமைன்னீக, சாட்சி விசாரிச்சீக. கேக்கவே இல்லையே."

அவள் காலி ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுழற்றி, டம்ளரில் ஊற்றி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தாங்க. தண்ணியத்தான் ரசமாக்கினாருன்னு எழுதியிருக்கு. எழுத்தை நம்புறவுக நீங்க. குடிங்க."

குடித்தேன். ஜாடி கழுவிய தண்ணீர். அடியில் எங்கோ கிராம்பு மணத்தது. அந்தச் சித்திரை வெயில், அந்த முன்வரிசை, எல்லாம் தொண்டைக்குள் இறங்கின. மைக் இல்லாத குரலில், முதல் தடவையாகக் கேட்டேன்.

"அன்னம், இன்னும் ஒரு டம்ளர் குடேன்."

அவள் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"கழுவுன தண்ணியும் தீந்துபோச்சு, தோழரே."