ஏணி ஏறாமல் கூரையைப் பார்த்த விவரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அக்காவும் நலம், குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்றே நினைக்கிறேன். உன் மொட்டை மாடியில் காயும் துணிகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கையேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கைக்கு வேறு காகிதம் அகப்படவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த கேமரா ட்ரோனைப் பத்திரமாக ஓட்டக் கற்றுக்கொண்டேனா என்று கேட்டிருந்தாய். கற்றுக்கொண்டேன். போன வருடம் ஓடு மாற்றப் போய் ஏணியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டதும், "இனிமே ஏணியில கால் வச்சீங்கன்னா, ஏணியோட சேர்த்து உங்களையும் எடைக்குப் போட்டுடுவேன்" என்று உன் அக்கா சொன்னதும், நான் சத்தியம் செய்து கொடுத்ததும் உனக்குத் தெரியும். ஆனால் கூரை சத்தியம் எதுவும் செய்யவில்லையே. சரியாக அவள் தையல் மெஷினுக்கு மேலேயே ஒழுகுகிறது. அறுபது பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு கையில் துணியும் மறு கையில் வாளியுமாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஓடு என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும், மாற்றிக் கொடுக்க ஆள் வருவார்.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனுக்குப் புத்தகம் எதற்கு என்று முதல் நாள் கையேட்டைப் பிரிக்காமலே கூடத்தில் கிளப்பினேன், அது நேராகப் போய்த் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு விழுந்தது, சரி, இடம் போதவில்லை என்று மறுநாள் மைதானத்துக்குக் கொண்டுபோனேன், அங்கே என்னை விட்டு விலகிப் போகும்வரை சொன்ன பேச்சுக் கேட்டது, என் பக்கம் மூக்கைத் திருப்பியதும் இடது என்றால் வலதுக்கும் வலது என்றால் இடதுக்கும் போக ஆரம்பித்துவிட்டது, எதிரே வரும் வண்டிக்காரனுக்கு அவனுடைய இடதுதான் இடது என்பது எனக்கா தெரியாது, ஆனாலும் கை கேட்கவில்லை, அதனால் உன் அக்காவைப் பின்னால் நிறுத்தி விசில் ஊதச் சொன்னேன், ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. அவள் ஒன்றுதான் ஊதினாள். "கண்டக்டர் வேலை பாக்கவா என்னைக் கட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இன்று காலை காற்று இல்லை. வாசலில் நின்று மெதுவாக மேலேற்றினேன். கையிலிருந்த ரிமோட்டின் திரையில் எங்கள் கூரை முழுவதும் தெரிந்தது. ஒரு வருடமாகக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருந்ததை மேலிருந்து பார்த்தேன். மூன்று ஓடுகளில் விரிசல். இந்த முட்டியால் இனி எதற்கும் உதவமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, திரும்பி வரும் பொத்தானை அமுக்கினேன். அமுக்கினால் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே வந்து இறங்கும். ஆனால் வழியில் இருப்பதிலேயே உயரமான பொருளுக்கும் மேலே திரும்பும் உயரத்தை முன்கூட்டியே வைத்துவிட வேண்டுமாம், பதினோராம் பக்கத்தில் போட்டிருக்கிறது. நான் வைக்கவில்லை. டிஷ் ஆண்டெனாவில் இடித்து ஓட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது.

கவலைப்படாதே. ட்ரோன் பத்திரமாக என் பக்கத்திலேயே இருக்கிறது, இறக்கையில் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு கையேட்டை இரண்டு முறை முழுவதுமாகப் படித்துவிட்டேன், அவ்வளவு நேரம் கிடைத்தது. பேட்டரியைப் பார், காற்றைப் பார், ஆட்கள் தலைக்கு மேல் ஓட்டாதே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டாதே, எல்லாம் மனப்பாடம். ஆகவே இந்த வீட்டில் இனி யாரும் ஏணி ஏற வேண்டிய அவசியமே இல்லை.

குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோரும் தரையில் நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: நான் கூரைமேல் இருக்கிறேன். ட்ரோனை எடுக்க இரண்டே நிமிடம்தானே என்று ரிமோட்டையும் கையேட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன், இறங்கப் பார்த்தால் ஏணியைக் காணோம். "மேல ஏறாம கீழ இருந்தே பாக்கத்தானே என் தம்பி அதை வாங்கிக் குடுத்தான்? நீங்க மேலயே இருங்க, நான் கீழ இருந்து பாத்துக்கறேன்" என்கிறாள் உன் அக்கா. மூன்றாக இருந்த விரிசல் ஓடு இப்போது ஐந்து. போன் கீழே மாட்டிக்கொண்டது. இந்தக் கடிதத்தை ட்ரோனின் காலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி உன் மாடிக்கு அனுப்புகிறேன். எடுத்துக்கொண்டு தள்ளி நில், தானாகத் திரும்பி வந்துவிடும். இந்தமுறை உயரம் வைத்துவிட்டேன். உடனே உன் ஏணியை எடுத்துக்கொண்டு வா. அக்கா கேட்டால், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்.