வைஃபைக்காக மொட்டையான பன்னெண்டு மரம்

நீங்க எப்பயாச்சும் ஒரு மரத்த மொட்டையடிச்சிருக்கீங்களா? நான் பன்னெண்டு அடிச்சிருக்கேன். கைல கத்தியே எடுக்காம, புரோட்டா சாப்ட்டுகினு இருக்கும்போதே.

அப்ப இன்ஜினியரிங் ஃபைனல் இயர், ஈசிஇ. மரத்து எலைங்க வைஃபை சிக்னல எவ்ளோ கெடுக்குதுன்னு கண்டுபுடிக்கறதுதான் புராஜெக்ட். (தலைப்பு இங்கிலீஷ்ல செம கெத்தா இருக்கும். வேல என்னன்னா, நானும் என் கிளாஸ்மேட் ஆரோக்கியமும் போனத் தூக்கிகினு கேம்பஸ் பூரா சுத்தி, சிக்னல் எத்தன கோடுன்னு எழுதறது.) லைப்ரரிக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல வரிசையா பன்னெண்டு வாக மரம். லைப்ரரி வாசல்ல நாலு கோடு, மரத்தத் தாண்டுனா ரெண்டு. முடிஞ்சிது புராஜெக்ட்.

முடியலன்னாங்க எங்க கைடு ஸ்டெல்லா மேடம்.

"எல இருக்கும்போது எடுத்துட்ட. எல இல்லாம எடுத்த ரீடிங் எங்க?"

"மேடம், இதுங்க கொட்டி முடிச்சி புதுசா துளுத்துருச்சி. இனிமே அடுத்த வருஷம்தான்."

"வைவா அடுத்த வாரம். அது இல்லாம கையெழுத்து போடமாட்டேன்."

கையெழுத்து இல்லன்னா டிகிரி இல்ல. டிகிரி இல்லன்னா எங்கப்பா என்ன வூட்டுல வச்சிருக்கமாட்டாரு. (நெலக்கரி மைன்ஸ்ல பர்மனெண்ட் வேல. கோவமும் அப்டித்தான்.)

நான் மைன்ஸ் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்த ஆளு. செவுத்துல ஆணி அடிக்கணும்னாகூட காண்ட்ராக்ட் விட்டாதான் எங்களுக்குத் தூக்கம் வரும். அதனால குறிஞ்சிப்பாடி ரோட்டுல ஆடு மேய்க்கற முருகேசன் அண்ணனப் புடிச்சேன். கடைசில நிக்கற ஒரு மரத்துல மட்டும் தழ பூரா கழிச்சி சும்மாவே எடுத்துக்கங்கன்னேன். ஞாயித்துக்கெழம வந்தாரு. வாட்ச்மேன்கிட்ட "புராஜெக்ட்"னேன், உட்டுட்டாரு. அண்ணன் மரத்துல ஏறனதும் சூப்பர்வைசர் மாதிரி ஒரு பார்வ பாத்துட்டு, நாங்க சாப்டப் போய்ட்டோம்.

திரும்பி வந்தா வெயிலு கண்ணக் கூசுது. இங்க நெழல் இருந்துச்சேன்னு பாத்தா, பன்னெண்டு மரமும் குச்சி குச்சியா நிக்குது. கீழ ஒரு ட்ராக்டர், ஏழெட்டு ஆளு, ஒரு மந்த ஆடு. ஒரு ஆடு என்னயே பாத்துகினு மெல்லுது.

"அண்ணே, ஒரு மரம்னுதான சொன்னேன்?"

"சும்மா குடுக்கறாங்கன்னு வாய வச்சிகினு இருக்காம மச்சான்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. மச்சான் வூட்டுலேர்ந்து மொத்தமா வந்துட்டாங்க. அவங்களுக்கு இல்லன்னு எப்டி சொல்றது?"

ஆரோக்கியம்தான், "மச்சான், ஆனது ஆயிப்போச்சி. ரீடிங் எடு"ன்னான்.

போனத் தூக்குனேன். ஒரு கோடுகூட இல்ல. ஹாஸ்டல் பக்கம் ஓடனேன், இல்ல. லைப்ரரி வாசல்லயே இல்ல.

"ஏண்டா, எல இல்லன்னா சிக்னலே வராதா?"

சத்தியமா கேட்டது நான்தான். ரெண்டு நிமிஷம் நம்பவும் செஞ்சேன். (நாலு வருஷப் படிப்பு.)

அவன் தழைக்குள்ளேர்ந்து ஒரு கருப்பு ஒயர இழுத்தான். துண்டு துண்டா வந்துகினே இருந்துச்சி. லைப்ரரி வைஃபை பெட்டிக்கு நெட்டு, கரண்டு ரெண்டுமே அந்த ஒரே ஒயர்லதானாம். அத மரத்து மேலயே கட்டி இழுத்துகினு போயிருக்காங்க.

மறுநாள் பிரின்சிபால் ரூம். கத்துவாருன்னு பாத்தா கத்தல, அதான் பயமா இருந்துச்சி. செடி நர்சரியில நூறு மரக்கன்னு வாங்கி கேம்பஸ்ல நட்டு, நட்டதுக்கு நர்சரிக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கியாந்தாதான் வைவான்னுட்டாரு. எங்கப்பாவுக்கு விஷயம் அன்னிக்கே போயிருச்சி.

"மைன்ஸ்ல தோண்டிப் போட்ட மண்ணு மேலயே நாங்க மரம் நட்டுகினு கெடக்கறோம். நீ நின்னுகினு இருந்தத மொட்டையடிச்சிட்டு வர்றியா?"

நாலு நாள்ல நட்டேன். புது ஒயர் போட்டதும் எல இல்லாத ரீடிங்கும் எடுத்தாச்சி. மேடம் கையெழுத்து போட்டாங்க, டிகிரியும் வந்துச்சி. இன்னிக்கும் வூட்டுல நெட்டு நின்னா, எங்கம்மா மொதல்ல ஜன்னல் வழியா வேப்பமரத்துல எல இருக்கான்னு எட்டிப் பாக்கறாங்க. நெட்வொர்க் வேலைக்கு ஊரு ஊரா அப்ளை பண்ணேன், எவனும் கூப்டல. கூப்டது அந்த நர்சரிக்காரர் ஒருத்தர்தான்.

இப்ப அங்கதான் காண்ட்ராக்ட்ல இருக்கேன்.