முந்நூறு முடிச்சு மிச்சம்

தொங்குகிற நூலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற பொம்பளையை இந்த அறுபது வயசுக்குள் நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சொந்தக்காரியா, முன்பின் தெரியாதவளா என்றெல்லாம் யோசிப்பதில்லை. ஒரு நூல் தொங்கினால் போதும், கை தானாகப் போய்விடும். (என் கையும்தான் போகும். நான் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தேன்?) பதினெட்டு வயசில் இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறாமல் போனதால்தான் கோயில் நிறைய அரிசி கொட்டியது, எனக்கு வரவேண்டிய வேலையும் போனது.

முதல் யுத்தத்துக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி நடந்தது இது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பா எங்கள் வேதக்கோயிலில் உபதேசியார், ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுப்பவர். நான் மிஷன் போர்டிங்கில் படித்து, தையல் பரீட்சையில் முதலாவதாகத் தேறி வீட்டுக்கு வந்திருந்தேன். முதலாவதாக வந்தவளுக்கு எவ்வளவு திமிர் இருக்கலாமோ அதைப்போல ரெண்டு பங்கு எனக்கு இருந்தது. ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. மாசம் ஏழு ரூபாய். அந்த ஏழு ரூபாயைவிட எனக்குப் பெரிசு, அப்பா கொடுத்த வாக்கு.

"வேலை மட்டும் கெடச்சிரட்டும், இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒன் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

ஆனால் போட்டிக்கு ராகேல் அக்கா இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். போர்டிங் பக்கமே போகாதவள், பரீட்சையும் கிடையாது. கையால் தைத்தால் மட்டும் தையல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 'இந்தக் காலத்திலே போய்க் கையாலே தைக்குதாளே' என்று.

வேலை யாருக்கு என்று முடிவு செய்யவேண்டியவர் மிஸ்ஸியம்மா. பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி. அந்த அம்மா தமிழை வேதபுஸ்தகத்திலிருந்தே படித்தவர். கத்தரிக்காய் வாங்கினாலும் தீர்க்கதரிசி மாதிரிதான் பேசுவார். ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பெண்களே, பிடியரிசிப் பைகளுக்காய் அதிகமாய்ச் செலவழிகிறது. ஒரு பைக்கு இரண்டணா ஆகிறது. இதைக் குறைக்க உங்களில் யாரால் கூடும்? ஆனாலும் பையின் தரம் குறையலாகாது" என்றார்.

பிடியரிசி என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அறுப்புப் பண்டிகை அன்றைக்கு அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பணக்கார வீட்டுப் பித்தளைக் குடமும் ஏழை வீட்டு ஓட்டை ஓலைக் கொட்டானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மனசு சங்கடப்படும் இல்லையா? அதனால் பண்டிகை அன்று காலையில் மிஷனே எல்லா வீட்டுக்கும் ஒரேமாதிரி துணிப்பை கொடுத்துவிடும். நூற்றைம்பது வீடு, நூற்றைம்பது பை.

"ரெண்டணாவுக்குக் கீழ எப்படிம்மா முடியும்? துணி இருக்கு, கூலி இருக்கு" என்று ராகேல் அக்கா தலையைச் சொறிந்தாள்.

"ஒண்ணேகால் அணாவுல நான் தைக்குதேன்" என்றேன் நான். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். (இன்றைக்கும் என் வழக்கம் இதுதான்.)

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மூளை நன்றாகவே வேலை செய்தது. முதலில் துணி. பாளையங்கோட்டைக் கடையில் வாங்காமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரே மேலப்பாளையம் போய், தறிக்காரரிடமே காடாத்துணி வாங்கினேன். அதில் கொஞ்சம் மிச்சம். அடுத்தது பையின் வாய். வழக்கமாக வாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள், நூல் பிரியாமல் இருக்க. நான் துணியின் கரை, அதுதான் தறியிலேயே அடைத்து வருமே அந்த ஓரம், அது பையின் வாய்க்கு வரும்படி குறுக்கே வெட்டினேன். கரைதான் பிரியாதே, அப்புறம் எதற்கு மடிப்பு? அங்கே ஒரு தையல் மிச்சம். துணியை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் ஓட்டினால் பை.

கடைசியாகக் கூலி. கொழும்பிலிருந்து என் மாமா கொண்டுவந்த கைமிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. கையால் சுற்றுகிற சின்ன மிஷின். ஒற்றை நூல்தான், சங்கிலி சங்கிலியாகத் தையல் விழும். ராகேல் அக்கா ஒரு பை முடிப்பதற்குள் நான் பத்துப் பை முடித்துவிடுவேன். அதுவும் எனக்குப் போதவில்லை. ஒரு பையை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கிற நேரம் வீண்தானே? ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாக விட்டு ஓட்டிக்கொண்டே போனேன். கடைசியில் எம்மா கத்தரிக்கோலை எடுத்து நடுநடுவே வெட்டிவிட்டாள். ஒவ்வொரு பையின் வாயிலும் இரண்டு பக்கமும் ரெண்டு விரற்கடை நூல் தொங்கியது.

ராகேல் அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். ஒரு பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஏளா, நுனியில முடிச்சுப் போடலயா?"

"ஒரு பைக்கு ரெண்டு முடிச்சு. நூத்தம்பது பைக்கு முந்நூறு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு நாலு விரக்கட நூல்னு வையி. அந்த நூல்ல இன்னும் ரெண்டு பை தைக்கலாம்க்கா. போட்ட தையல் எங்க போயிரும்?" என்றேன்.

"பொறவு ஒன் இஷ்டம்" என்று பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொறாமை என்று எம்மாவிடம் சொன்னேன். எம்மாவும் ஆமாம் என்றாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

மிஸ்ஸியம்மா பையைச் சோதிக்க வந்தபோது பையில் ஆற்றுமணலைக் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டேன். அப்பா அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஒரு தையல்கூட விடவில்லை. "இது மகா உறுதியாயிருக்கிறது. ஞானப்பூவே, பண்டிகை கழிந்தபின்பு என்னை வந்து காண்பாயாக" என்றார் மிஸ்ஸியம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே டீச்சர் கொண்டை போட்டுப் பார்த்தேன்.

பண்டிகை வந்தது. முதல் மணி அடிக்கிறபோது வீடுவீடாகப் பையைக் கொடுத்துவிட்டு வந்தோம். பொம்பளைகள் அவசர அவசரமாகக் கலயத்தைக் கவிழ்த்துப் பையில் நிரப்பிக்கொண்டு ஓடிவந்தார்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம் பாயில், பெண்கள் ஒரு பக்கம் பாயில். மடியில் எல்லாருக்கும் வெள்ளைவெளேர் என்று என் பை. காணிக்கையாக ஏலத்துக்கு வந்த வாழைத்தாரும் பூசணிக்காயும் முன்னால் குவிந்து கிடந்தன. கால் கட்டின சேவல் ஒன்றும் அங்கே உட்கார்ந்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பைகளை எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கம் தொடங்கினால் முடிக்கத் தெரியாதவர். கையை மூடிக்கொண்டு கொடுக்காதே, திறந்து கொடு என்பது அன்றைய பேச்சு. அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. முன்வரிசையில் ஐயரம்மா, அதாவது அவர் சம்சாரம். ஊரிலேயே சுத்தக்காரி. அவர் வீட்டு வாசலில் உதிர்ந்த இலைகூட அனுமதி கேட்டுத்தான் கிடக்கவேண்டும். வேலை இல்லாமல் மடியில் கிடந்த அந்தக் கை, பையின் வாய்க்குப் போயிற்று. நூலைக் கண்டது. இழுத்தது.

நூல் அறவில்லை. வந்தது. ஐயரம்மா அதை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் வந்தது; சங்கிலித் தையலில் முடிச்சில்லாத நுனியை இழுத்தால் கண்ணி கண்ணியாகக் கழன்றுகொண்டே வரும். 'டர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பை ஒரு பக்கம் முழுக்கத் திறந்து, மூன்று படி அரிசி மடியிலிருந்து வழிந்து பாயில் ஓடியது. ஐயரம்மா விரலில் சுற்றின நூலோடு அப்படியே இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகு ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவள் எவளும் பாடம் படிக்கவில்லை. 'நம்ம பையிலயும் நூல் இருக்கோ?' என்று அவரவர் பையைத் தேட ஆரம்பித்தார்கள். கோயிலுக்குள் கத்த முடியுமா? எனக்கு முந்தின வரிசையில் திரும்பிப் பார்த்த அன்னப்பழம் மதினிக்கு, நூலைப் பிடித்து இழுப்பதுபோலக் காட்டி, 'கூடாது' என்று தலையை ஆட்டினேன். மதினி பதிலுக்குத் தலையை ஆட்டினாள். 'சரி, புரிஞ்சிட்டு' என்று அர்த்தம். நூலை எடுத்து ஓங்கி ஒரே இழுப்பு.

அவ்வளவுதான். 'டர்ர்', 'டர்ர்' என்று வரிசை வரிசையாக. ஒருத்தி பையை மூடப்போய் அடுத்தவள் பையைத் தட்டிவிட்டாள். அரிசி பாயைத் தாண்டித் தரைக்கு வந்து, நடுப்பாதையில் இறங்கியது. ஆண்கள் பக்கத்தில் ஒருத்தர், "ஏலே, என்னலே மழை பெய்யுது?" என்று கேட்டது நன்றாகக் கேட்டது. சேவல் கட்டின காலோடு தத்தித் தத்தி வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஐயர் பிரசங்கத்தை நிறுத்தினார். அவர் தானாக நிறுத்தினதை நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

ஆராதனை முடிந்ததும் மிஸ்ஸியம்மா என்னைக் கூப்பிட்டார். பிரியாமல் தப்பிக்கிடந்த ஒரு பையை எடுத்து, ஊரே பார்க்க நூலை இழுத்தார். பை துணியாகிவிட்டது.

"ஞானப்பூவே, இந்தத் தையலின் முடிச்சு எங்கே?"

"சிக்கனத்துக்காக விட்டுட்டேன் அம்மா" என்றேன்.

"நீ நூலை மிச்சம் பிடித்தாய். அரிசியையோ சிதறடித்தாய்" என்றார். அதற்குப் பதில் அந்த அம்மா நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

சுளகும் வாரியலும் எடுத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே அரிசியைக் கூட்டினேன். பக்கத்தில் இன்னொரு சுளகு வந்து உட்கார்ந்தது. ராகேல் அக்கா. 'அன்னைக்கே சொன்னேன்லா' என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "அழாதளா. கல்லப் பாத்துப் பொறக்கு" என்று மட்டும் சொன்னாள். வெட்கத்தில் செத்தேன்.

வேலை அவளுக்குப் போனது. போனால் போகட்டும், அடுத்த வருஷம் அவள் பை தைத்தாள். அதே மேலப்பாளையம் துணி, அதே கரை வைத்த வாய், அதே சங்கிலி மிஷின் (அப்பா அதை அவளுக்கே விற்றுவிட்டார்). நுனியில் மட்டும் முடிச்சு. ஒரு பைக்கு ஒண்ணேகால் அணாதான் ஆயிற்று. தரமும் குறையவில்லை. ஊரே அவள் சிக்கனத்தைப் புகழ்ந்தது. என் மூளையெல்லாம் அவள் பேருக்குப் போய், முட்டாள்தனம் மட்டும் என் பேரில் நின்றது. வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரியத்தான் செய்தது.

அப்பா வாக்குத் தவறாதவர். வேலை கிடைக்காததால் கல்யாணப் பேச்சை உடனே எடுத்தார். தை மாசம் முடிவதற்குள் உடன்குடிப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு என்னைக் கட்டிவைத்தார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. நானும் மூச்சு விடவில்லை. பதினாலு வருஷம் அப்படியே ஓடிற்று. புருஷன் என்னை மகா கெட்டிக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் மூத்தவளை என் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, எங்க எம்மா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தோம். முதல் லீவுக்கு வந்தவள், சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"எப்பா, எங்க ராகேல் டீச்சர் மொத நாளு ஒரு கத சொன்னாவ. முன்னால ஒரு கூறுகெட்ட பொம்பள இருந்தாளாம். நூல மிச்சம் பிடிக்கேன்னு முடிச்சே போடாம நூத்தம்பது பை தச்சாளாம்."

"பேரு என்னவாம்?" என்றார் இவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பேரு சொல்ல மாட்டேன்னுட்டாவ. பாவமாம். கோயில்ல எல்லாரும் நூல இழுக்க, அரிசி அப்படியே ஆறா ஓடி, கோயில் வாசலத் தாண்டி, தெருவத் தாண்டி, தாமிரபரணியில போயி விழுந்துட்டாம்ப்பா! மீனெல்லாம் தின்னு செத்து மெதந்துச்சாம்!"

இவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர். "இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளா ஞானப்பூ?" என்று என்னைக் கேட்டார்.

நான் பேசாமல் ரசத்தை ஊற்றியிருக்கலாம். எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு ரசத்தை மட்டும் ஊற்றியிருக்கலாம். ஆனால் எனக்கு எதைப் பொறுத்தாலும் அபாண்டம் மட்டும் பொறுக்காது. கரண்டியை ஓங்கித் தரையில் போட்டேன்.

"பொய்யி! சுத்தப் பொய்யி! ஆத்துக்கு எங்க போச்சு? அரிசி வாசப்படியத் தாண்டவே இல்ல!"

மகள் வாயில் வைத்த சோற்றோடு என்னைப் பார்த்தாள். இவர் புரையேறிக் கலங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை ஒரு தரம் பார்த்து, மகளை ஒரு தரம் பார்த்து, பைய, ரொம்பப் பைய, கேட்டார்:

"வாசப்படியத் தாண்டலங்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதை உடைத்தாலும், பால் பொங்கினாலும், பேரன் பரீட்சையில் கோட்டைவிட்டாலும், முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லாரும் ஒன்றாக என் பக்கம் திரும்பிச் சொல்வார்கள்: "கவலப்படாத, வாசப்படியத் தாண்டல."