கலயம் உடைத்த பாட்டுக்கு அர்த்தம் சொன்னவர்

மதுரை ஜில்லாவிலேயே ஒரு வரிப் பாட்டுக்கு ஒரு மாதம் அர்த்தம் சொன்ன மனிதர் ஒருத்தர்தான். பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கோச்சடையில் எல்லோருக்கும் அவர் அர்த்தக்காரர். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவருக்கு அதுவும் வராது. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

வெள்ளைக்காரன் காலம். கள்ளுக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் தினம் சாயங்காலம் குடியை விடச் சொல்லிப் பஜனை நடக்கும். பாகவதர் பாடுவார், அர்த்தக்காரர் அர்த்தம் சொல்வார், பிறகு சூடம், அதற்கப்புறம் சுண்டல். குடிகாரர்கள் கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளச் சுண்டல் வேண்டுமே என்று முதல் ஆளாக வந்து உட்கார்வார்கள். உட்கார்ந்தபின் சூடம் காட்டுகிறவரை எழுந்திருக்கக் கூடாது, சாமி குற்றம். இருட்டினால் கடையைச் சாத்திவிட வேண்டும் என்பது சர்க்கார் கட்டளை.

எங்கள் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். விடியுமுன் பரவைச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுவார். பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடை. என்னைப் பெற்ற ஐயா வந்து பார்த்துவிட்டு, "வார அமாவாசைக்குள்ள ஒம் புருசன் குடியை விடலேன்னா ஒன்னைய வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டார். வாழாவெட்டியாகத் திரும்பிப் போகிற வம்சமா எங்களுடையது? நானும் பஜனையில் போய் நின்றேன்.

"கலயத்தை உடைத்தேன், கரையேறி வந்தேன்" என்று பாகவதர் பாடினார்.

அர்த்தக்காரர் துண்டை இடுப்பில் கட்டினார். "கலயத்தை ஒடைச்சேங்கிறாரே, அது நெறைஞ்ச கலயமா, வெறுங்கலயமா?"

"வெறுங்கலயத்தை நாந்தான் தெனம் ஒடைக்கிறேனே! எனக்கு எவன் பாட்டுக் கட்டினான்?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அப்ப நெறைஞ்ச கலயம்னு வச்சுக்குவோம் மாப்ள. கீழ கொட்டினதை எறும்பு குடிச்சிருக்குமே, அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

அதற்கே நாலு நாள் ஆனது. அடுத்து கரை. கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"வைகையில தண்ணியே இல்ல, எந்தக் கரையில அண்ணே ஏறினான்?"

"தண்ணி இல்லாத ஆத்துலதான்யா மனுசன் முங்கிக் கெடந்திருக்கான்!"

கடைக்காரர் ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அண்ணே, அர்த்தத்தைக் கொஞ்சம் சுருக்குங்க. அம்புட்டுக் கள்ளும் புளிக்குது."

"புளிச்சா ஆப்பத்துக்கு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அர்த்தக்காரர் மறுபடி எறும்புக்குப் போனார்.

எங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டார் என்று சொல்ல மாட்டேன். குடிக்க நேரம் கிடைக்கவில்லை.

அமாவாசைக்கு முதல்நாள் அர்த்தக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாகவதர் சூடத்தை எடுத்தார். கடை திறந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டுத் தயாரானார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"அண்ணே, கலயத்தை ஒடைச்சவன் பொண்டாட்டி அப்ப எங்க நின்னா? பாட்டுல அவளைக் காணோமே?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாகவதர் சூடத்தைக் கீழே வைத்தார். அர்த்தக்காரர் என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். பிறகு கையாலும் கண்ணாலும் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். அவள் வாசலில் நின்றதை, உலை கொதித்து அடங்கியதை, பிள்ளை அப்பன் எங்கே என்று கேட்டதை, அவள் பொய் சொன்னதை. எங்கள் வீட்டுக்காரர் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

எதிரே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அர்த்தக்காரர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"தப்பிச்சேன் தாயி" என்றார், காற்றாக வந்த குரலில். "இன்னிக்கும் சாத்திட்டான்."

"நீங்களுமா அண்ணே?"

"எனக்கென்ன அர்த்தம் தெரியும்? கடை தெறந்திருக்கிற நேரத்துல வாயைச் சும்மா வச்சிருக்கப் பயம்."

மறுநாள் ஐயா வண்டியோடு வந்தார். மருமகன் தெளிந்த முகத்தோடு இலை போட்டார். ஐயா சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார்.

பிறகு பஜனை நின்றுபோனது, கடை நிற்கவில்லை. பொழுது சாயும்போது அர்த்தக்காரர் எங்கள் வாசலில் வந்து நிற்பார். மோர் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்பேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுதான். இருட்டுகிற வரைக்கும் புரியாதவளாகவே உட்கார்ந்திருப்பேன்.